பதவியில்லாப் பணி: எலினார் ரூஸ்வெல்ட் அம்மையாரின் சொல்லும் மௌனமும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசியலமைப்புச் சட்டத்தில் குடியரசுத் தலைவரின் மனைவியைக் குறித்து ஒரு சொல்லும் இல்லை. அவருக்கு ஊதியம் இல்லை, அதிகாரம் இல்லை, பதவிப் பிரமாணமும் இல்லை. 'முதற்பெண்மணி' என்னும் பெயர்கூடச் சட்டம் தந்ததன்று; மக்கள் வழக்கிலும் செய்தித்தாள் வழக்கிலும் பிறந்து நிலைத்தது. விருந்தினரை வரவேற்பதும், மாளிகையின் உள்நிருவாகத்தைக் கவனிப்பதும், கணவரின் அருகில் புன்முறுவலோடு நிற்பதுமே அந்தப் பெயருக்குரிய கடமைகளாக நெடுங்காலம் கருதப்பட்டன.

அந்த வரம்புக்குள் நின்றும் சிலர் பேச முயன்றனர். பின்னாளில் இரண்டாம் குடியரசுத் தலைவரான ஜான் ஆடம்ஸின் மனைவி அபிகேய்ல், 1776ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாள் கணவருக்கு எழுதிய கடிதத்தில், புதிய நாட்டுக்குச் சட்டம் இயற்றுகையில் பெண்களை மறவாதிருக்குமாறு கேட்டுக்கொண்டார். கணவரோ அதனை நகைச்சுவையாகக் கொண்டு மறுமொழி எழுதினார். 1919ஆம் ஆண்டு அக்டோபரில் உட்ரோ வில்சன் பக்கவாதத்தால் வீழ்ந்தபோது, அவர் மனைவி ஈடித் எந்தக் கோப்பு கணவரிடம் செல்லவேண்டும், எது செல்லவேண்டா என்பதைத் தாமே தீர்மானித்தார். முன்னவரின் சொல் வீட்டைவிட்டு வெளியே கேட்கவில்லை. பின்னவரின் செயலோ நாட்டுக்குத் தெரியாமல் நடந்தது.

இவ்விரு வழிகளையும் விடுத்து, நாடறியப் பேசுவதையே தம் பணியாக அமைத்துக்கொண்டவர் எலினார் ரூஸ்வெல்ட் அம்மையார். 1933 முதல் 1945 வரை பன்னிரண்டு ஆண்டுகள் குடியரசுத் தலைவரின் மனைவியாக வாழ்ந்தவர் அவர். அவருடைய ஆற்றல் முழுவதும் சொல்லாற்றலே. அச்சொல்லுக்கு இருந்த வலிமை எவ்வளவு, அதற்கு நேர்ந்த தடை எவ்வளவு, பேசவேண்டிய இடத்தில் அவர் காத்த மௌனம் எதற்காக என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இளமையும் கல்வியும்

அன்னா எலினார் 1884ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் நியூயார்க் நகரில் பிறந்தார். செல்வமும் செல்வாக்கும் மிக்க குடும்பம் அது. பின்னாளில் குடியரசுத் தலைவரான தியோடர் ரூஸ்வெல்ட், எலினாரின் தந்தையாகிய எலியட்டுக்குத் தமையனார். எனினும் செல்வம் நிறைந்த அவ்வீட்டில் அக்குழந்தைக்கு அன்பு எளிதில் கிட்டவில்லை. அழகிற் சிறந்தவராகப் போற்றப்பட்ட தாயார், மகளின் எளிய தோற்றத்தையும் வயதுக்கு மீறிய அமைதியையும் கண்டு அவரைப் 'பாட்டி' என்றே அழைத்து வந்தார். பிறர்முன் அவ்வாறு அழைக்கப்படும்போதெல்லாம் தாம் கூசிக் குறுகியதை எலினார் பிற்காலத்தில் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியுள்ளார்.

1892இல் தாயாரைத் தொண்டை அடைப்பான் நோய் கொண்டுபோயிற்று. அடுத்த ஆண்டு தம்பியருள் ஒருவன் இறந்தான். 1894இல், குடிப்பழக்கத்தால் நலிந்திருந்த தந்தையும் மறைந்தார். பத்து வயது நிரம்பும் முன்னரே பெற்றோர் இருவரையும் இழந்த சிறுமி, தாய்வழிப் பாட்டியின் கண்டிப்பான வளர்ப்பில் விடப்பட்டாள்.

அவருடைய வாழ்வில் ஒளி ஏற்றியவர் ஓர் ஆசிரியை. 1899ஆம் ஆண்டு எலினார் இலண்டனுக்கு அருகிலிருந்த ஆலன்ஸ்வுட் பள்ளியில் சேர்க்கப்பட்டார். அதன் தலைமையாசிரியை மாரி சுவெஸ்திர், பிரெஞ்சு எழுத்தாளர் ஒருவரின் மகள். தாம் சொன்னதைத் திருப்பிச் சொல்லும் மாணவியரை அவர் மதிப்பதில்லை. தாமாகச் சிந்தித்து எழுதுவோரையே பாராட்டுவார். விடுமுறை நாள்களில் எலினாரை ஐரோப்பிய நாடுகளுக்கு உடனழைத்துச் சென்று, பயண ஏற்பாடுகளையெல்லாம் அவரிடமே ஒப்படைத்தார். மூன்றாண்டுக் காலமே நீடித்த அக்கல்வியைத் தம் வாழ்நாளின் இனிய பருவமாக எலினார் இறுதிவரை போற்றினார். தலைமையாசிரியையின் உருவப்படம் அவருடைய மேசைமீது எப்போதும் இருந்தது.

நாடு திரும்பிய எலினார், நியூயார்க்கின் ரிவிங்டன் தெருவில் ஏழைக் குடியேறிகளுக்கென நடந்த சேவை இல்லத்தில் சிறுமியருக்குக் கற்பித்தார். காற்றும் வெளிச்சமும் இல்லா அறைகளில் குறைந்த கூலிக்கு நாள் முழுதும் உழைத்த பெண்களின் நிலையை நேரில் சென்று பார்த்தறியும் பணியிலும் ஈடுபட்டார். பார்த்தறிந்த பின்னரே பேசவேண்டும் என்னும் அவருடைய வழக்கம் இங்கே வேரூன்றியது எனலாம்.

மணவாழ்வும் பொதுவாழ்வும்

1905ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள் தம் தூரத்து உறவினரான பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டை எலினார் மணந்தார். அப்போது குடியரசுத் தலைவராக இருந்த பெரியப்பா தியோடரே தந்தையின் இடத்தில் நின்று மணமகளைக் கைப்பிடித்துக் கொடுத்தார். விருந்தினர் கூட்டமெல்லாம் குடியரசுத் தலைவரைச் சூழ்ந்துகொள்ள, மணமக்கள் தனித்து நிற்க நேர்ந்ததாகக் கூறுவர்.

தொடர்ந்து வந்த ஆண்டுகள் மாமியாரின் ஆட்சியில் கழிந்தன. மாமியார் சாரா அம்மையார் நியூயார்க்கில் இரட்டை வீடுகளைக் கட்டி, ஒன்றில் தாமும் மற்றொன்றில் மகனும் மருமகளும் வாழ ஏற்பாடு செய்தார். இரு வீடுகளுக்கும் இடையே கதவுகள் வைக்கப்பட்டன. எந்நேரமும் எந்தக் கதவு வழியாகவும் மாமியார் வரலாம். 1906க்கும் 1916க்கும் இடையில் எலினார் ஆறு குழந்தைகளைப் பெற்றார். அவற்றுள் ஒன்று கைக்குழந்தையாகவே இறந்தது. பெண்களின் வாக்குரிமை பற்றிக்கூட அவருக்கு அந்நாளில் உறுதியான கருத்து இருக்கவில்லை. கணவர் அதனை ஆதரித்த பின்னரே தாமும் ஆதரித்ததாக அவரே எழுதியுள்ளார்.

இரண்டு துன்பங்கள் அவரை மாற்றின. 1918இல், தமக்குச் செயலாளராகப் பணியாற்றிய லூசி மெர்சர் என்னும் பெண், தம் கணவருக்கு எழுதிய காதற் கடிதங்கள் அவர் கையில் கிடைத்தன. மணமுறிவுக்கு எலினார் இசைந்தபோதும் குடும்பமும் அரசியலும் அதற்கு இடந்தரவில்லை. இல்லறம் கலையாது நின்றது. ஆயின் அது பழைய இல்லறமாக இல்லை. 1921இல் பிராங்க்ளினை இளம்பிள்ளை வாதம் தாக்கியது. இடுப்புக்குக் கீழே செயலிழந்த மகன் அரசியலைத் துறந்து ஊரில் அமைதியாக வாழவேண்டும் என்றார் தாயார். அவர் அரசியலை விடலாகாது என்றனர் எலினாரும், நண்பர் லூயி ஹோவும். கணவரின் பெயர் மக்கள் நினைவிலிருந்து மறையாதிருக்க வேண்டுமெனில் மனைவி மேடையேற வேண்டும் என்று ஹோ வற்புறுத்தினார். கூச்சமும் நடுங்கும் குரலும் கொண்டிருந்த எலினார் அவ்வாறுதான் பேசக் கற்றார்.

கணவருக்காகத் தொடங்கிய பேச்சு விரைவில் அவருடைய சொந்தக் குரலாயிற்று. மகளிர் வாக்காளர் சங்கம், மகளிர் தொழிற்சங்கக் கூட்டமைப்பு ஆகியவற்றில் உழைத்தார். நண்பர்களோடு சேர்ந்து டாட்ஹண்டர் பெண்கள் பள்ளியை வாங்கி, அங்கு வரலாறும் இலக்கியமும் கற்பித்தார். 1929இல் கணவர் நியூயார்க் மாநில ஆளுநரான பின்னரும், தலைநகரான ஆல்பனியிலிருந்து வாரந்தோறும் பயணம் செய்து வகுப்புகளைத் தவறாது நடத்தினார். 1932ஆம் ஆண்டுத் தேர்தலில் கணவர் வெற்றி பெற்றபோது அவர் அஞ்சியது ஒன்றையே: தாம் அரிதின் ஈட்டிய இந்தத் தனிவாழ்வு வெள்ளை மாளிகையின் வாயிலில் முடிந்துவிடுமோ என்பதே அவ்வச்சம்.

வெள்ளை மாளிகையில்

1933ஆம் ஆண்டு மார்ச் 4ஆம் நாள் ரூஸ்வெல்ட் பதவியேற்றார். பெரும் பொருளாதார வீழ்ச்சியால் வங்கிகள் மூடிக் கிடந்தன; நாட்டில் உழைப்போரில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் வேலையற்றிருந்தனர். இரண்டு நாள் கழித்து, மார்ச் 6ஆம் நாள், எலினார் அம்மையார் செய்தியாளர் கூட்டம் ஒன்றைக் கூட்டினார். குடியரசுத் தலைவரின் மனைவி இவ்வாறு முறையாகக் கூட்டம் நடத்துவது அதுவே முதன்முறை. அதில் பெண் செய்தியாளர்களுக்கு மட்டுமே இடம் உண்டு என்று விதித்தார். இவ்விதியின் நுட்பம் நோக்கத்தக்கது. அம்மையாரின் செய்தி வேண்டுமெனில் ஒவ்வொரு செய்தி நிறுவனமும் பெண் ஒருவரைப் பணியில் வைத்திருந்தாக வேண்டும். வேலையிழப்பு மிகுந்த அக்காலத்தில் பல பெண் செய்தியாளர்களின் பிழைப்பை இவ்வொரு விதி காத்தது. பன்னிரண்டு ஆண்டுகளில் அவர் இத்தகைய கூட்டங்களை 348 முறை நடத்தினார்.

அதே ஆண்டு மே மாதம் நிகழ்ந்தது ஒன்று அவருடைய வழியை நன்கு விளக்கும். முதல் உலகப் போரில் பணியாற்றிய முன்னாள் படைவீரர்கள் தமக்குச் சேரவேண்டிய உதவித்தொகையை உடனே வழங்கக் கோரித் தலைநகரில் திரண்டிருந்தனர். முந்தைய ஆண்டு அவ்வாறு திரண்டவர்களை ஹூவர் அரசு படையை ஏவி விரட்டியது, குடிசைகள் எரிந்தன. இம்முறை எலினார் அம்மையார் காவலரின்றி அவர்களது முகாமுக்குச் சென்றார். சேற்றில் நடந்து, அவர்கள் உண்ணும் இடத்தையும் உறங்கும் இடத்தையும் பார்த்தார். போர்க்காலப் பாடல்களை அவர்களோடு சேர்ந்து பாடினார். ஹூவர் படையை அனுப்பினார், ரூஸ்வெல்ட் மனைவியை அனுப்பினார் என்று வீரர்கள் பேசிக்கொண்ட பேச்சு நாடெங்கும் பரவியது.

கணவர் நடக்க இயலாதவர். ஆகவே அவர் செல்ல முடியாத இடங்களுக்கு மனைவி சென்றார். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பு, சேரி, மருத்துவமனை, சிறைச்சாலை என எங்கும் சென்று கண்டதைக் கணவரிடம் விரிவாகக் கூறுவார். சமையற்கூடத்தில் தொங்கும் உணவுப் பட்டியலைப் படித்து வந்தால் போதாது, பாத்திரத்தின் மூடியைத் திறந்து உள்ளே இருப்பதைப் பார்த்துவரவேண்டும் என்று கணவர் அவரைப் பழக்கியிருந்தார்.

1935ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில் 'என் நாள்' என்னும் நாளிதழ்ப் பத்தியை அவர் எழுதத் தொடங்கினார். வாரத்தில் ஆறு நாள். நாடெங்கும் பல நாளிதழ்களில் ஒரே சமயத்தில் வெளிவரும். இரயில் வண்டியிலும் விடுதி அறையிலும் அமர்ந்து செயலாளருக்குச் சொல்லச் சொல்ல எழுதுவிப்பார். பேரக்குழந்தைகளின் குறும்பும், தோட்டத்தில் பூத்த மலரும், படித்த நூலும், சுரங்கத் தொழிலாளியின் கூலியும் ஒரே பத்தியில் அடுத்தடுத்து வரும். நடையழகு இல்லை, கருத்தாழம் இல்லை என்று திறனாய்வாளர் சிலர் எள்ளினர். அவ்வெளிமைதான் அப்பத்தியின் வலிமை என்பதை அவர்கள் உணரவில்லை. அடுத்த வீட்டுப் பெண்ணின் பேச்சாகத் தொடங்குவதை மக்கள் ஐயமின்றிப் படித்தனர்; படித்துக்கொண்டே வருகையில் அறியாத துன்பம் ஒன்றின் முன் வந்து நின்றனர். 1962ஆம் ஆண்டு செப்டம்பர் வரை அப்பத்தி வெளிவந்தது. கணவர் இறந்தபோதுகூட நான்கு நாள்களே அது நின்றது.

பெயர் சுட்டாத கண்டனமும் நடுவில் இட்ட நாற்காலியும்

அக்காலத்தில் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கறுப்பின மக்கள் பள்ளி, வண்டி, அரங்கு அனைத்திலும் சட்டப்படி ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தனர். 1938ஆம் ஆண்டு அலபாமா மாநிலத்தின் பர்மிங்காம் நகரில் நடந்த தென்னக மக்கள் நல மாநாட்டுக்கு அம்மையார் சென்றார். வெள்ளையர் ஒருபுறமும் கறுப்பினத்தார் மறுபுறமும் அமரவேண்டும் என்று காவலர் ஆணையிட்டனர். கறுப்பினத்தார் பக்கம் அமர்ந்த அம்மையாரை எழுந்திருக்கச் சொன்னபோது, அவர் தம் நாற்காலியை இரு பகுதிகளுக்கும் நடுவே இடச்செய்து அமர்ந்தார். அங்கு அவர் வாதாடவில்லை. நாற்காலி இருந்த இடமே அவருடைய விடையாயிற்று.

அடுத்த ஆண்டு நிகழ்ந்தது இன்னும் புகழ்பெற்றது. உலகப் புகழ் வாய்ந்த கறுப்பினப் பாடகி மேரியன் ஆண்டர்சன், வாஷிங்டன் நகரின் அரசியலமைப்பு அரங்கில் பாடுவதற்கு, அவ்வரங்கின் உரிமையாளரான அமெரிக்கப் புரட்சியின் புதல்வியர் சங்கம் இடந்தர மறுத்தது. அம்மையார் அச்சங்கத்தின் உறுப்பினர். 1939ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவர் தம் உறுப்பினர் பொறுப்பைத் துறந்தார். மறுநாள் தம் பத்தியில், தாம் உறுப்பினராக உள்ள ஓர் அமைப்பு செய்த செயலைத் தம்மால் ஏற்க இயலாது என்றும், அதில் தொடர்ந்தால் அச்செயலுக்கு உடன்பட்டதாகும் என்றும் எழுதினார். சங்கத்தின் பெயரையோ பாடகியின் பெயரையோ அவர் குறிப்பிடவில்லை. குறிப்பிடத் தேவையும் இருக்கவில்லை. ஏப்ரல் 9ஆம் நாள், ஈஸ்டர் திருநாளன்று, லிங்கன் நினைவாலயத்தின் படிகளில் நின்று ஆண்டர்சன் பாடினார். 75,000 பேர் திரண்டு கேட்டனர். வானொலி வழியாக நாடே கேட்டது. அம்மையார் அந்நிகழ்ச்சிக்குச் செல்லவில்லை. அந்நாள் பாடகிக்குரிய நாளாகவே அமைந்தது.

மௌனத்தின் விலை

புகழ்மொழிகளோடு நிறுத்திக்கொண்டால் அம்மையாரின் வரலாறு முழுமை பெறாது. கும்பலாகக் கூடிக் கறுப்பின மக்களை அடித்தும் தூக்கிலிட்டும் கொல்லும் கொடுமையைத் தடுக்க 1934இல் சட்ட முன்வரைவு ஒன்று கொண்டுவரப்பட்டது. கறுப்பினத்தார் முன்னேற்றச் சங்கத்தின் செயலாளரான வால்ட்டர் வொயிட்டைக் கணவரிடம் நேரில் பேச வைத்தவர் அம்மையாரே. தென்மாநிலச் செனட்டர்களின் ஆதரவை இழந்தால் பொருளாதார மீட்புச் சட்டங்கள் நிறைவேறா என்று அஞ்சிய ரூஸ்வெல்ட், அம்முன்வரைவுக்காக வெளிப்படையாகப் போராட மறுத்தார். பின்னர் வந்த அதே போன்ற முன்வரைவை, ஓயாது பேசியே காலத்தைக் கடத்திச் செனட்டர்கள் வீழ்த்தினர். அப்போது அம்மையார் செனட் சபையின் பார்வையாளர் மாடத்தில் அமர்ந்திருந்தார். அங்கே அவரால் இயன்றது அமர்ந்திருப்பது ஒன்றே.

1939இல், இட்லரின் ஆட்சியிலிருந்து தப்பும் குழந்தைகள் 20,000 பேரை அமெரிக்காவில் ஏற்பதற்கான முன்வரைவை அம்மையார் வெளிப்படையாக ஆதரித்தார். கணவரோ வாய் திறக்கவில்லை. முன்வரைவு வாக்கெடுப்புக்கே வராது மடிந்தது.

இவற்றில் மௌனம் கணவருடையது. 1942இல் நிகழ்ந்ததில் மௌனம் மனைவிக்கும் உரியதாயிற்று. பேர்ல் துறைமுகத் தாக்குதலுக்குப் பின்னர், மேற்குக் கடற்கரைக்குச் சென்ற அம்மையார் ஜப்பானிய மரபினரான அமெரிக்கர்களோடு நின்று படம் எடுத்துக்கொண்டார். அவர்களை நியாயமாக நடத்தவேண்டும் என்று பத்தியிலும் எழுதினார். ஆனால் 1942ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் கணவர் கையொப்பமிட்ட ஆணையால் ஏறக்குறைய 1,20,000 பேர் வீடும் நிலமும் இழந்து முட்கம்பி வேலியிட்ட முகாம்களுக்கு அனுப்பப்பட்டபோது, அவர் அவ்வாணையைப் பொதுவில் எதிர்க்கவில்லை. போர்க்காலத் தேவை என்னும் அரசின் விளக்கத்தையே தாமும் கூறினார். 1943இல் அரிசோனாவிலிருந்த கீலா ஆற்று முகாமை நேரில் கண்டபின், அம்மக்களை விரைவில் வெளியே விடவேண்டும் என்று எழுதினார். அந்த எழுத்திலும் ஆணையிட்டவர்மீது கண்டனம் இல்லை.

இதே காலத்தில் அவர் ஏற்ற ஒரே அரசுப் பொறுப்பும் அவருக்குத் துணைசெய்யவில்லை. 1941ஆம் ஆண்டு செப்டம்பரில் குடிமக்கள் பாதுகாப்பு அலுவலகத்தின் துணை இயக்குநராக ஊதியமின்றிப் பணியேற்றார். நண்பர்களுக்குப் பதவி தந்தார் என்று காங்கிரசு அவையினரும் இதழ்களும் கடுமையாகத் தாக்கின. மனைவியைத் தாக்குவது கணவரைத் தாக்க எளிய வழியாயிற்று. 1942 பிப்ரவரியில் அவர் விலகினார். பதவியின்றி ஆற்ற முடிந்ததைப் பதவியோடு ஆற்ற இயலவில்லை. கணவரின் நிழல் இருந்தவரை அப்பதவி அவருடையதாகக் கருதப்படவே இல்லை.

ஆகவே, குடியரசுத் தலைவரின் மனைவி என்னும் இடம் அவருக்கு ஒலிபெருக்கியைத் தந்தது. அதன் விசையோ வேறொருவர் கையில் இருந்தது. தனிமையில் கணவரிடம் ஓயாது வாதாடினார். அவர் இணங்காத இடத்தில், பொதுவில் அவருக்கு எதிராக நிற்பதைத் தவிர்த்தார். இம்மௌனத்தை இல்லற விசுவாசம் என்று போற்றுவோரும் உளர். அரசியல் கணக்கு என்று குறைகூறுவோரும் உளர். முகாம்களில் அடைபட்டோர்க்கு இவ்விரு விளக்கங்களாலும் பயன் இருந்ததில்லை.

கணவருக்குப் பின்

1945ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள் ஜார்ஜியா மாநிலத்தில் ரூஸ்வெல்ட் மறைந்தார். விரைந்து சென்ற அம்மையார், கணவரின் இறுதி நாள்களில் லூசி அங்கு இருந்ததை அப்போதுதான் அறிந்தார். அச்சந்திப்புகளுக்குத் தம் மகளே உதவியதையும் அறிந்தார். துயரத்தின்மேல் துயரமாக வந்த அச்செய்தியைத் தம் பத்தியில் அவர் ஒருபோதும் எழுதியதில்லை. பொதுவாழ்வு முடிந்தது என்றே அவர் கருதினார். ஆயின் அதே ஆண்டு டிசம்பரில் குடியரசுத் தலைவர் ட்ரூமன், புதிதாகத் தோன்றிய ஐக்கிய நாடுகள் அவைக்குச் செல்லும் அமெரிக்கப் பேராளர் குழுவில் அவரைச் சேர்த்தார்.

1946 ஜனவரியில் இலண்டனில் கூடிய முதற்கூட்டத்தில், அக்குழுவில் இருந்த ஒரே பெண் அவர். சமூகம், பண்பாடு, மனிதநலம் ஆகியவற்றுக்கான மூன்றாம் குழுவை அவருக்கு ஒதுக்கினர். அங்கே பெருஞ்சிக்கல் எழாது என்பது உடன்வந்த ஆடவரின் எண்ணம். போரால் நாடிழந்த அகதிகளை அவர்கள் விருப்பமின்றித் திருப்பி அனுப்பலாமா என்னும் வினா அக்குழுவிலேயே எழுந்தது. சோவியத் ஒன்றியத்தின் புகழ்பெற்ற வழக்கறிஞர் விஷின்ஸ்கிக்கு எதிராக அம்மையார் குறிப்பேதுமின்றிப் பேசினார். வாக்கெடுப்பில் அவர் தரப்பே வென்றது.

1947இல் மனித உரிமை ஆணையத்தின் தலைவராக அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். உறுப்பினர் பதினெண்மர். சீனத்தின் சாங், லெபனானின் மாலிக், பிரான்சின் கசேன் ஆகியோர் அதில் குறிப்பிடத்தக்கோர். அம்மையாரைத் தவிர அங்கிருந்த மற்றொரு பெண் இந்தியாவின் ஹன்சா மேத்தா. 1947 ஆகஸ்ட் 14ஆம் நாள் நள்ளிரவில் அரசியல் நிர்ணய சபையில் இந்தியப் பெண்களின் சார்பில் தேசியக் கொடியை வழங்கியவர் இவரே; குஜராத்தி மொழியில் சிறுவர் நூல்கள் எழுதியவர்; மொழிபெயர்ப்பாளருங்கூட.

பிரகடனத்தின் முதல் விதியில் மனிதர் அனைவரையும் குறிக்க ஆங்கிலத்தில் ஆடவரைச் சுட்டும் சொல்லே முதலில் இடம்பெற்றிருந்தது. அதை மாற்றவேண்டும் என்றார் ஹன்சா மேத்தா. அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனமும் அச்சொல்லையே ஆள்கிறது என்றும், அதனால் தாம் விலக்கப்பட்டதாக அமெரிக்கப் பெண்கள் கருதியதில்லை என்றும் எலினார் அம்மையார் விடையிறுத்தார். சில நாடுகளில் அச்சொல்லுக்கு ஆடவர் மட்டும் என்றே பொருள்கொள்ளப்படும் என்று ஹன்சா மேத்தா வாதிட்டார். இறுதியில் பால் சுட்டாத சொல்லே நிலைபெற்றது. பெண்ணுரிமைக்காகப் பெயர்பெற்ற தலைவரின் அவையில், பெண்ணுக்கு இடந்தரும் சொல்லை இந்தியப் பெண்மணி ஒருவர் கேட்டுப் பெற்றார் என்பது எண்ணத்தக்கது. தம் கருத்தினின்று மாறுபட்ட சொல் நிலைபெற இடங்கொடுத்ததும் தலைமைப் பண்பே ஆகும்.

தமிழ் இலக்கணம் பயின்றோர்க்கு இவ்வழக்கின் நுட்பம் எளிதில் விளங்கும். தொல்காப்பியம் உயர்திணைக்கு மக்கள் என்பதையே அடையாளமாகக் கொள்கிறது. பலர்பால் ஆணையும் பெண்ணையும் ஒருங்கே தழுவும். மாந்தர் என்றாலும் மக்கள் என்றாலும் பெண் புறத்தே நிற்பதில்லை. மொழியில் உள்ள இடம் வாழ்விலும் கிடைத்ததா என்பது வேறு வினா. ஆயினும் சொல்லில் இடம் இல்லாதபோது, உரிமை கேட்பவர் முதலில் சொல்லோடு போராட வேண்டியிருக்கிறது என்பதை ஹன்சா மேத்தாவின் வாதம் காட்டுகிறது.

1948ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் பாரிசில், முப்பது விதிகள் கொண்ட உலக மனித உரிமைப் பிரகடனத்தைப் பொது அவை ஏற்றது. ஆதரவாக 48 நாடுகள், எதிர்ப்பாக ஒன்றும் இல்லை, வாக்களியாதவை எட்டு. அவை எழுந்து நின்று அம்மையாரைப் பாராட்டியது.

இங்கும் பழைய மௌனத்தின் சாயல் இருந்தது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் குறைகளை உலக அவைமுன் வைக்கும் விண்ணப்பம் ஒன்றை அறிஞர் டு போய்ஸ் 1947இல் அளித்தார். அதனை அளித்த கறுப்பினத்தார் முன்னேற்றச் சங்கத்தின் ஆட்சிக்குழுவில் அம்மையாரும் உறுப்பினர். எனினும், சோவியத் ஒன்றியம் தம் நாட்டை இழிவுபடுத்த அவ்விண்ணப்பத்தைப் பயன்படுத்தும் என்று கூறி, அவர் அதற்குத் துணைநிற்கவில்லை. முன்பு கணவரின் அரசு இருந்த இடத்தில் இப்போது நாட்டின் அரசு நின்றது.

1953இல் அவர் ஐ.நா. பணியிலிருந்து விலகினார். அதற்கு முந்தைய ஆண்டு இந்தியா வந்து பல நகரங்களைக் கண்டு, அப்பயணத்தைப் பற்றி நூலும் எழுதினார். 1961இல் குடியரசுத் தலைவர் கென்னடி, மகளிர் நிலை பற்றிய ஆணையத்துக்கு அவரைத் தலைவராக்கினார். ஆணையத்தின் அறிக்கை 1963இல் வெளிவந்தபோது அவர் உயிரோடு இல்லை. 1962ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள், 78ஆம் அகவையில் மறைந்து, ஹைட் பார்க்கில் கணவருக்கு அருகில் அடக்கம் செய்யப்பட்டார். 1968இல் ஐக்கிய நாடுகள் அவை முதன்முதலாக வழங்கிய மனித உரிமைப் பரிசுகளுள் ஒன்று அவருடைய நினைவுக்குரியதாயிற்று.

நிறைவாக

புறநானூற்றில் பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு பாடிய பாட்டு ஒன்று உள்ளது. அவருடைய பெயராக எஞ்சியிருப்பது 'பேரரசன் மனைவி' என்னும் பொருளுடைய பெயரே. ஆயினும் சான்றோர் அவையை நோக்கி அவர் தம் வாயால் கூறியது இன்றும் நிற்கிறது. ஆட்சியாளரின் மனைவியை வரலாறு கணவரின் பெயரால் குறித்து வைக்கிறது. அவர் பேசிய சொல்லே அவரைத் தனியே அடையாளம் காட்டுகிறது.

எலினார் அம்மையாரின் சொல்லை அவ்வாறே மதிப்பிடவேண்டும். செய்தியாளர் கூட்டத்தால் பெண்களுக்கு வேலை கிடைத்தது. ஒரு பத்தியால் பாடகிக்கு நேர்ந்த அவமதிப்பை நாடு அறிந்தது. நடுவில் இட்ட நாற்காலியால் ஒரு சட்டத்தின் சிறுமை வெளிப்பட்டது. அவர் பேசாத இடங்களும் இவற்றோடு சேர்த்தே எண்ணப்படவேண்டும். கீலா ஆற்று முகாமும் டு போய்ஸின் விண்ணப்பமும் அவருடைய புகழின் அடிக்குறிப்புகளாக ஒதுக்கத்தக்கன அல்ல. பேசும் வாய்ப்புப் பெற்ற ஒருவர், எவரைப் பகைக்க அஞ்சி எங்கே நிறுத்திக்கொண்டார் என்பதை அவை காட்டுகின்றன. எழுதுகோல் ஏந்துவோர் தமக்கும் பொருத்திப் பார்க்கவேண்டிய வினா அது.

அவர் தலைமையில் உருவான பிரகடனம் இன்று தமிழ் உள்ளிட்ட 500க்கும் மேற்பட்ட மொழிகளில் கிடைக்கிறது. அதன் முதல் விதியில் ஹன்சா மேத்தா கேட்ட சொல் இருக்கிறது. அச்சொல் பதிந்த ஆவணத்தை அவையின்முன் வைத்து ஏற்கச் செய்தபோது, எலினார் ரூஸ்வெல்ட் எவருடைய மனைவியாகவும் அங்கு நிற்கவில்லை.